அப்படி யாரும் இல்லை

தானியேலின் வீட்டில் நான்கு பேர். பெயர்கள் ஏழு.

ரேஷன் அட்டையில் அவர் துளசிராமன், சர்ச்சில் தானியேல். மகன் பள்ளிச் சான்றிதழில் சரவணகுமார், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜோஷ்வா. மகள் அங்கே ரம்யா, இங்கே மெர்சி. மனைவி கன்னியம்மாவுக்கு மட்டும் ஒரே பெயர்தான். ஞானஸ்நானம் கொடுத்த அன்று பாஸ்டர் வேறு பெயர் வைக்க வந்தபோது, "எங்கம்மா வெச்ச பேரு பாஸ்டர், கர்த்தருக்கும் இதான் தெரியும். உட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலனியில் ஏறக்குறைய எல்லா வீடும் இப்படித்தான். பாட்டன்மார் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பிள்ளைகள் கம்பி மில்லுக்கும் கெமிக்கல் கம்பெனிக்கும் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் எஸ்.சி. சாதிச் சான்றிதழ் வேண்டும். கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள் என்று தெரிந்தால் அந்தச் சான்றிதழ் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், மற்ற நாளுக்கு ஒரு பெயர். இதில் யாரையும் ஏமாற்றுவதாக அவர்கள் நினைத்ததில்லை. வறுமை பெயரைப் பார்த்தா வந்தது என்று கேட்பார்கள்.

தானியேல் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசற்படிக்கு உள்ளே ஜோஷ்வா, வாசற்படி தாண்டினால் சரவணா. சின்ன வயதில் பையன் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்று, "யம்மா, இப்ப நான் யாரு?" என்று கேட்பான்.

"இப்ப ஒத வாங்கப் போறவன்" என்பாள் கன்னியம்மா.

அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். சிப்காட்டில் மூன்று வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாக, வெகு தூரத்தில் பனி பெய்யும் ஒரு நாட்டுக்குக் கட்டட வேலைக்கென்று போனான். கூடவே பொதட்டூர்பேட்டையிலிருந்து குணா என்று ஒரு பையனும் போனான். இறங்கிய மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பச்சை உடுப்பைக் கொடுத்தார்கள். அந்த நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் மூன்று வருடமாகச் சண்டை.

"பள்ளம் தோண்டற வேலதான் நைனா. துப்பாக்கி இன்னும் தரல" என்று ஒருமுறை போனில் சொன்னான். அதன் பிறகு போன் வரவில்லை.

தானியேல் பாஸ்போர்ட் நகலை வைத்து, சரவணகுமார், தகப்பனார் துளசிராமன் என்று மனு எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பினார். எதிர்நாட்டிடம் கைதியாக இருக்கலாம், விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. அந்த "இருக்கலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு குடும்பம் ஏழு மாதம் இருந்தது.

கன்னியம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபித்தாள். சண்டை போடும் இரண்டு தலைவர்களும் அவளுக்கு ராஜாக்கள். "ஆண்டவரே, ரெண்டு ராஜாவுக்கும் நல்ல தூக்கத்தக் குடும். வயித்துக் கோளாறு இல்லாம வையும். ஒடம்பு சரியில்லாத ஆம்பள சமாதானத்துக்கு ஒத்துக்க மாட்டான்" என்று கேட்பாள். பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்வார்கள்.

சித்திரை மாதத்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. மூன்றாவது நாடு ஒன்றில் நீளமான மேஜை. இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் குட்டிக் கொடிகள். டி.வி.யில் எல்லாரும் முகங்களைப் பார்த்தபோது தானியேல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

"மூடி தெறக்கல பாரு. இன்னும் பேச ஆரம்பிக்கல" என்றார்.

நான்காம் நாள், "கோட்ட கழட்டிட்டானுங்க. இப்பதான் பேசறானுங்க. மொதல்ல கைதியத்தான் முடிப்பாங்க. அதான் சுலபம். நெலத்த கடைசிக்கு வெச்சிப்பாங்க" என்றார்.

"உனக்கு எப்படி நைனா தெரியும்?" என்றாள் மெர்சி.

அவருக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் வேலை செய்யும் கம்பி மில்லில் நாற்பத்தேழு நாள் ஸ்டிரைக் நடந்தது. அறுபத்துமூன்று பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். தொழிலாளர் பக்கத்தில் மேஜையில் உட்கார்ந்த மூன்று பேரில் தானியேலும் ஒருவர். கடைசி நாள் முதலாளி பக்கம் ஒரு பட்டியலை நகர்த்தியது. அதில் அறுபத்திரண்டு பெயர்கள் இருந்தன. எபினேசர் பெயர் இல்லை. சூப்பர்வைசரை அடித்தான், அவனை மட்டும் எடுக்க முடியாது என்றார்கள். எபினேசர் அடிக்கவில்லை என்பது தானியேலுக்குத் தெரியும். ஆனால் நாற்பத்தேழு நாள் அடுப்பு எரியாத அறுபத்திரண்டு வீடுகள் அவருக்குப் பின்னால் இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

எபினேசர் அடுத்த வீதிக்காரர், ஒரே சர்ச். அன்றுவரை "அண்ணே, அண்ணே" என்று கூடவே திரிந்தவர். அதன் பிறகு சிப்காட் கேட் அருகே இட்லி, வடை விற்கும் நாஷ்டா வண்டி போட்டார். ஒன்பது வருடமாகத் தானியேலிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தானியேலும் வேலைக்குப் போகும்போது ரோட்டின் எதிர்ப்பக்கமாகவே நடப்பார்.

வைகாசியில் சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள். இரண்டு பக்கமும் கைதிகளை விடப்போகிறார்கள். அந்தந்தக் கைதி எந்த நாட்டுக்காரன் என்று அவனுடைய அரசாங்கம் உறுதி சொல்ல வேண்டும், சொன்னால் முதல் பட்டியலில் பெயர் ஏறும் என்று செய்தியில் வந்தது. சரவணகுமார் என்ற பெயர் ஏறிவிடும் என்று வீட்டில் நம்பினார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஈஸ்வரி வந்தாள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கிராம உதவியாளர். கன்னியம்மா சர்ச்சில் இருந்தாள். தானியேல் மத்தியான ஷிப்டுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஊட்ல யாரு?"

"இன்னாம்மா?"

ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இந்தத் தெருவுல ஜோஷ்வான்னு யார்னா கீறாங்களா அண்ணா? அப்பா பேரு தானியேலாம்."

தானியேலின் கை இஸ்திரிப் பெட்டியின் மேல் அப்படியே நின்றது. மெர்சி நர்சிங் காலேஜில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம்தான் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, சான்றிதழ் சரியா என்று தாலுகா ஆபீசில் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள்.

"எதுக்கும்மா கேக்கறாங்க?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? மேல இருந்து வந்துகீது. ஆளு கீறானா இல்லியான்னு மட்டும் எழுதிக் குடுன்றாங்க. காலையிலேந்து ஏழு ஊடு ஏறி எறங்கிட்டேன். எல்லாரும் அப்படி யாரும் இல்லன்றாங்க. கேட்டாண்ட நாஷ்டா வண்டிக்காரரு கூட, இந்த ஊர்லயே அந்தப் பேரு கெடையாதுன்னுட்டாரு."

உள்ளே மெர்சி அரிசி களைவதை நிறுத்திவிட்டாள். ஏழு வீடும் தன் மகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று தானியேலுக்குத் தோன்றியது. எபினேசர் கூடவா என்று நினைத்தார்.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றார்.

"உங்க பேரு?"

"துளசிராமன்."

"நீங்கதான் கடைசி ஊடு. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்கண்ணா. நான் போயி ஒரு வாய் சாப்ட்றேன்."

கையெழுத்துப் போட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவள் அண்ணாந்து முழுவதும் குடித்துவிட்டு, "நல்லாயிருங்கண்ணா" என்று சொல்லிப் போனாள்.

கைதிகளை மாற்றிக்கொண்ட நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. டி.வி.யில் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. தலை மழிக்கப்பட்ட பையன்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். சிலர் மண்ணைத் தொட்டார்கள். கன்னியம்மா டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சாயந்திரம் தில்லியிலிருந்து போன் வந்தது. நர்மதா என்ற தமிழ்ப்பெண், இந்த வேலைக்கென்று போட்டிருந்த அதிகாரி.

"நம்மவங்க நாலு பேர் வந்திருக்காங்க சார். உங்க பையன் அதுல இல்ல. சரவணகுமார்ங்கற பேர்ல அவங்ககிட்ட யாருமே இல்லன்னு சொல்றாங்க. தேடச் சொல்லியிருக்கோம். தைரியமா இருங்க."

"அடுத்த பஸ்ல வருவான்" என்றாள் கன்னியம்மா. போனை வைத்த பிறகும் அதையே சொன்னாள்.

பத்து நாள் கழித்து எபினேசர் தானியேலின் வாசலில் வந்து நின்றார். ஒன்பது வருடத்தில் முதல் முறை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு பையன்.

"இவன் குணாவாம். பொதட்டூர்பேட்டையாம். தெருத் தெருவா ஜோஷ்வா ஊடு எதுன்னு கேட்டுக்கினு அலையறான். எல்லாரும் அப்படி யாரும் இல்லன்னு தொரத்தறாங்க. என் வண்டியாண்ட வந்து, என்கூட ஜெயில்ல இருந்தவன்னு சொன்னான்." எபினேசர் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "வண்டிய அப்படியே போட்டுட்டு இட்டுகினு வந்தேன்."

குணாவைப் பாயில் உட்கார வைத்தார்கள். கன்னியம்மா சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அவன் தட்டிலேயே கை கழுவிய பிறகுதான், "எம்புள்ள எப்படிக் கீறான்?" என்று கேட்டாள்.

"இருக்கான்மா. மார்ல சளி. ரொம்ப இருமறான். ஆஸ்பத்திரி ரூம்ல வெச்சிருக்காங்க."

"அவங்ககிட்ட சரவணகுமார்ன்ற பேர்ல யாரும் இல்லன்றாங்களே?"

"அந்தப் பேரு இல்லமா. அங்க அவன் ஜோஷ்வான்னுதான சொன்னான்." குணா கொஞ்சம் சிரித்தான். "எங்களப் புடிச்ச அன்னிக்கி பேரு கேட்டாங்க. எழுதிக்கினு இருந்த டாக்டரம்மா கழுத்துல சிலுவ போட்டிருந்துச்சு. நீ ஊட்டுப் பேரையே சொல்லுடான்னு அவனே அவனுக்கு சொல்லிக்கினான். அந்தப் பேர கேட்டதும் அந்தம்மா ஒரு ரொட்டி சேத்துக் குடுத்துது. அதுல பாதிய எனக்குக் குடுத்தான்."

குணா தொடர்ந்தான். "லிஸ்ட் வந்த அன்னிக்கி ஒவ்வொரு பேரா கூப்ட்டாங்க. யாருக்கு நம்ம ஊர்லேந்து பதில் வந்துதோ, அவங்களுக்கு நீலச் சீட்டு. எனக்குக் குடுத்தாங்க. இவனுக்கு இல்ல. ஒரு ஆபீசரு இங்கிலீஷ்ல சொன்னாரு. உங்க ஊர்ல நேராப் போயி விசாரிச்சாங்களாம், அப்படி யாரும் இல்லன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்களாம்."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?" என்றாள் கன்னியம்மா.

"சிரிச்சான்மா. 'எவனோ தப்பா எழுதிக்கீறான். எங்க நைனா பேச்சுவார்த்தைக்குப் போற ஆளுடா. ஒருத்தன கூட உட்டுட்டு வர மாட்டாரு. அடுத்த லிஸ்ட்ல என் பேரு இருக்கும், நீ போயி சொல்லு'ன்னான்."

எபினேசர் எழுந்து வாசற்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு கையெழுத்து போட்டது?" கன்னியம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான்தான்" என்றார் தானியேல். "மெர்சி சீட்டுக்குத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

அவள் குணாவின் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

மறுநாள் காலை தானியேல் நர்மதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். பெயர்கள் ஏழையும் சொன்னார். அவள், "இதை எழுத்துல குடுங்க சார். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ்ல குடுங்க. இந்த ரெண்டு பெயரும் ஒரே ஆளுக்குத்தான்னு உங்க தெருக்காரங்க ரெண்டு பேர் சாட்சி போடணும். சீக்கிரம்" என்றாள்.

எழுத்தில் கொடுத்தால் மெர்சியின் இடம் போகும். அவர் மகளைப் பார்த்தார்.

"போ நைனா. என் பேரு மெர்சின்னே எழுதிக் குடு. படிப்பு எங்க ஓடிடப் போவுது?" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்துவந்தாள்.

சாட்சிதான் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவர், இவர்கள் வேதக்காரர்கள் என்று எனக்குத் தெரியும் என்று எழுத வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். எல்லாருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அழுதார்கள், ஜெபித்தார்கள், தானியேலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேனாவைத் தொடவில்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவரும் அந்தப் பயத்தில்தானே கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் ரோட்டைக் கடந்து நாஷ்டா வண்டிக்குப் போனார். எபினேசர் இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆவி இருவருக்கும் நடுவில் எழுந்தது. தானியேல் தாளை நீட்டினார்.

எபினேசர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். படித்தார். வண்டியின் மேலேயே வைத்து, சட்னி படாமல் ஒரு ஓரமாகக் கையெழுத்துப் போட்டார்.

"உம் பையனுக்கும் பத்தாவது வருதே எபினேசரு" என்றார் தானியேல்.

"வந்தா வரட்டும்." எபினேசர் அடுப்பைக் குறைத்தார். "அந்தப் பொம்பள மொதல்ல என்னாண்டதான் வந்துது அண்ணே. ஜோஷ்வா யாருன்னு கேட்டுது. ஒம்போது வருசமா உன்ன மாட்டிவுட ஒரு நேரம் வராதான்னு இருந்தவன் நான். அன்னிக்கி கெடச்சுது. ஆனா பொண்ணு படிப்பாச்சேன்னு மனசு எறங்கி, அப்படி யாரும் இல்லன்னுட்டேன்." அவர் குரல் உடைந்தது. "எம் மனசுல இருந்த வெசத்த அன்னிக்கி கக்கியிருந்தா, ஆமா கீறான், அதோ அந்த ஊடுன்னு கை காட்டியிருப்பேன். புள்ள ஊட்டுக்கு வந்திருப்பான்."

தானியேல் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை அப்போது சொன்னார். "நீ அவன அடிக்கலன்னு எனக்குத் தெரியும் எபினேசரு. தெரிஞ்சேதான் போட்டேன்."

"எனக்கும் தெரியும் அண்ணே, உனக்குத் தெரியும்னு." எபினேசர் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தார். "துன்னு. திருவள்ளூரு தூரம். வெறும் வயித்தோட போவாத."

எபினேசர் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரோசம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்து இரண்டாவது சாட்சி போட்டாள். அவளும் அந்த ஏழு வீட்டில் ஒருத்தி.

தாள் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்த நீள மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. ஆற்றின் மேல் இருக்கும் ஒரு பாலம் யாருக்கு என்பதில் தகராறு. இருபத்தாறு நாள் இரண்டு பக்கமும் எழுந்து போய்விட்டார்கள். தானியேல் வேலை முடிந்து வந்து டி.வி.யில் காலி நாற்காலிகளைப் பார்ப்பார். தண்ணீர் பாட்டில்கள் மூடியோடு நின்றன. சர்ச்சில் கன்னியம்மா ராஜாக்களின் வயிற்றுக்காக ஜெபிப்பதை விட்டுவிட்டாள். "அந்தப் பாலத்த யார்னா ஒருத்தர் உட்டுக் குடுக்கட்டும் ஆண்டவரே. எம்புள்ள நீந்திக்கூட வந்துடுவான்" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இருபத்தேழாம் நாள் பேச்சு மறுபடி தொடங்கியது. நர்மதா போன் செய்தாள். "பேர் ஏறிடுச்சு சார். ரெண்டு பெயரையும் சேர்த்தே போட்டிருக்காங்க. அடுத்த புதன்கிழமை."

கன்னியம்மா புதுப் பாய் வாங்கிவந்தாள். மெர்சி அண்ணனின் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். மில்லிலிருந்து பறந்து வரும் கரித்தூள் படுமென்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தாள். எபினேசர் வண்டியில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வடை சேர்த்து வைத்தார்.

திங்கட்கிழமை நர்மதா மறுபடியும் கூப்பிட்டாள். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. நுரையீரலில் சீழ் பிடித்திருந்தது, மருந்து கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை என்றாள்.

"லிஸ்ட்ல கீதுன்னு சொன்னீங்களேம்மா?" என்றார் தானியேல்.

"ரெண்டு லிஸ்ட் இருக்கு சார்" என்றாள் அவள். "உயிரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணு. இன்னொண்ணு…" அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அலுவலக வேலையாகப் பேசும் ஒரு பெண், முகம் தெரியாத ஒரு பையனுக்காகத் தில்லியில் உட்கார்ந்து அழுதாள். தானியேல், "அழாத தாயே. நீ உன்னால ஆனத செஞ்ச" என்று அவளைத் தேற்றினார். போனை வைத்த பிறகுதான் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

பெட்டி வந்த அன்றுதான் அந்த இரண்டு நாடுகளும் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. டீக்கடை டி.வி.யில் பெரியவர்கள் கைகுலுக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எங்கேயோ மணிகள் அடித்தன. அது நல்ல செய்திதான். எத்தனையோ அம்மாக்கள் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். தெருவில் ஆம்புலன்ஸ் திரும்பியதும் டீக்கடைக்காரர் எழுந்து டி.வி.யை அணைத்தார்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் எல்லாப் பெயர்களும் சரியாக இருந்தன. ஜோஷ்வா என்கிற சரவணகுமார், தகப்பனார் தானியேல் என்கிற துளசிராமன். ஒரு எழுத்துத் தப்பில்லை.

வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். பெட்டி நீளம், வாசல் சிறியது, உள்ளே திரும்ப இடமில்லை. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வாசற்படியிலேயே இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கன்னியம்மா வந்து பார்த்தாள். அந்தப் படியை, அதன் மேலிருந்த பெட்டியை, இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு தெருவே கேட்கும்படி, வாழ்நாளில் முதல் முறையாக வாசலுக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஜோஷ்வா! யப்பா ஜோஷ்வா!"

கூட்டத்தின் ஓரத்தில் ஈஸ்வரி நின்றிருந்தாள். பாதுகாப்புக்கும் பதிவுக்கும் அவளை அனுப்பியிருந்தார்கள். அவள் தானியேலின் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "எதுக்குன்னு அந்தத் தாள்ல ஒரு வரி எழுதியிருந்தா நான் சொல்லியிருப்பேனே அண்ணா" என்றாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவ? வெயில்ல ஏழு ஊடு ஏறி எறங்குன" என்று சொல்லி, அவளைத் தூக்கி நிறுத்தி, மெர்சியிடம் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

கல்லறைச் சிலுவையில் ஜோஷ்வா என்று மட்டும் எழுதினார்கள்.

அதன் பிறகு மழை தொடங்கிவிட்டது. மெர்சிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. எபினேசருக்கும் ரோசம்மாளுக்கும்கூட வந்தது. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஆட்டோவில் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார்கள். முடிவு இன்னும் தெரியவில்லை.

கன்னியம்மா தானியேலிடம் பேசவில்லை. சமைத்து வைத்தாள், துவைத்துப் போட்டாள், அவர் ஷிப்டுக்குப் போகும் நேரத்தில் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். அவளுடைய மௌனத்தில் கோபம் குறைவு, களைப்புத்தான் அதிகம் என்று தானியேலுக்குத் தெரிந்தது. மன்னிப்பு என்று எதைக் கேட்டாலும் அது சின்னதாக இருந்தது.

அடக்கம் செய்த நாற்பதாம் நாளோ நாற்பத்தோராம் நாளோ, காலையில் எபினேசர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். கன்னியம்மா கதவருகே நின்றாள்.

"ரெண்டு பேருக்கும்" என்று அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு பொட்டலந்தான கீது?"

"எல தீந்துடுச்சு அண்ணி. ரெண்டா கட்ட முடியல." வண்டியில் கட்டுக் கட்டாக இலை இருந்ததை அந்த வழியாக வந்த யாரும் பார்த்திருப்பார்கள். எபினேசர் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனார்.

கன்னியம்மா பொட்டலத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, நூலைப் பிரித்து, இலையைத் தரையில் விரித்தாள். எட்டு இட்லி. சட்னி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. ஓரத்தில் எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடி.

தானியேல் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் இலையை விரல் நுனியால் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தயங்கினார். அவள் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் தவழ்ந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். வெளியே சூலூர்பேட்டை ரயில் கூவிக்கொண்டு போனது. மிளகாய்ப்பொடியை இரண்டு பேருமே தொடவில்லை.

"அவனுக்கு அதான் புடிக்கும்" என்றாள் கன்னியம்மா.

"ஆமா" என்றார் தானியேல்.